தேவாவுக்குச் சாமி வந்த சாயங்காலம்

ஊரில் எல்லாப் பெண்களும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காத்திருப்பார்கள். நெமிலிச்சேரி ரேணுகா கார்த்திகை ஒன்றாம் தேதிக்குக் காத்திருப்பாள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் தேவா சபரிமலைக்கு மாலை போடுவான். மாலை போட்டால் குடிக்க மாட்டான். கருப்பு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக, அவள் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த ஆள் அப்படியே திரும்பி வந்து வீட்டுக்குள் உட்காருவான். தை பிறந்து மாலையைக் கழட்டுகிற அன்றைக்கே பழைய தேவாவும் வந்துவிடுவான். கழட்டின சந்தோஷத்தைக் கொண்டாடுவதற்குக் கூட்டாளிகள் ஒயின்ஷாப் வாசலில் தயாராக நிற்பார்கள். என்ன பக்தியோ, என்ன கூத்தோ. ரேணுகா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த ரெண்டு மாதமாவது வீடு வீடாக இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

அவளுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டையில் பிசிறு இருக்கிறதா, காஜா கோணலா என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். தேவா அதே எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். ஆள் நல்லவன்தான். கை நீட்டமாட்டான், கெட்ட வார்த்தை பேசமாட்டான். குடித்துவிட்டு வந்து அழுவான், அவ்வளவுதான். "நாளைலேர்ந்து தொடமாட்டேன் ரேணு, எம் பொண்ணு மேல சத்தியம்" என்பான். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பொண்ணு கார்த்திகா, தன் தலைமேல் எத்தனை சத்தியம் ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் புத்தகத்தை வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிடும்.

போன வருஷம் ஆடி மாதத்துக்குப் பிறகு விஷயம் முற்றிவிட்டது. காலையில் எழுந்ததுமே தேவாவுக்குக் கை ஆடத் தொடங்கியது. டீ டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி டீ தரைக்குத்தான் போகும். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போவான். எங்கேயோ ஒரு கட்டிங் போட்டுவிட்டு வருவான். வந்து உட்கார்ந்தால் கை கல் மாதிரி நிற்கும். குடிக்காவிட்டால் ஆடுகிற கை, குடித்தால் நிற்கிறது. இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரே ஜீவன் ரேணுகாதான். யாரிடம் போய்ச் சொல்வது? கார்த்திகை வரட்டும், மாலை போட்டால் சரியாகிவிடும் என்று அவள் நாள்களை நகர்த்தினாள்.

கார்த்திகையும் வந்தது. தெருக்கோடி பிள்ளையார் கோயிலில் குருசாமி ஞானசேகரன் அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். குருசாமிக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், வேலை ஆவடி டாங்கி தொழிற்சாலையில். முன்பு நெமிலிச்சேரியில் குடியிருந்தவர். குவார்ட்டர்ஸ் கிடைத்து ஆவடிக்குப் போன பிறகும் பஜனைக்கு இங்கேதான் வருவார். நல்ல குரல், நல்ல மனுஷன், ஆனால் எதையும் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிற பழக்கம் உண்டு.

"மாலை ஏறிருச்சுல்ல, இனி அந்தச் சனியன் தானா இறங்கிரும். கவலைப்படாம போங்கம்மா" என்றார்.

ரேணுகா தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாளே அவளுக்குத் தூரமாகிவிட்டது. மாலை போட்ட வீட்டில் தூரமான பெண் இருக்கக் கூடாது. மூன்று வீடு தள்ளி நாகம்மா வீட்டுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். இது வருஷா வருஷம் நடக்கிறதுதான். நாகம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல காலம், கூடப் பேச ஆள் கிடைத்தது என்று அவளுக்குச் சந்தோஷம்.

அடுத்த நாள் காலையில் கார்த்திகா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் வாசலில் நின்றது.

"யம்மா, அப்பா ரெண்டு ராத்திரியா தூங்கவே இல்ல. வேர்த்துக் கொட்டுது. செவுத்துல எறும்பு போவுது எறும்பு போவுதுன்னு தட்டிகினே கீறாரு. நான் லைட்டு போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லம்மா."

நாகம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "ஒரு வேள சோறு, பச்சத் தண்ணில குளியல். ஒடம்பு அப்டி இப்டி தான் இருக்கும். நீ போயி படி கண்ணு."

அப்படித்தான் இருக்கும் என்று ரேணுகாவும் நினைக்கப் பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கோயிலில் முதல் பஜனை. பந்தலும் ஸ்பீக்கரும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. நாகம்மா சாமி கும்பிடப் போயிருந்தாள். ரேணுகா மட்டும் தனியாக, ஸ்பீக்கரில் வருகிற சரணத்துக்குக் கூடவே வாயை அசைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பாட்டு நின்று, மைக்கில் யாரோ மூச்சு வாங்கக் கத்துவது கேட்டது. "தேவா சாமிக்கு அருள் வந்துருச்சு. சாமியே சரணமய்யப்பா. எல்லாரும் சரணம் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் நாகம்மா இரைக்க இரைக்க ஓடி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"அடி ரேணு, நீ குடுத்து வெச்சவடி. உம் புருஷன் மேல சாமி எறங்கிகீது. ஒடம்பு கிடுகிடுன்னு ஆடுது. புலி வருது, புலி வருதுங்கறான். அய்யப்பன் புலி மேல தானடி வருவான்? எதுத்த ஊட்டு ராஜம்மா அவன் கால்ல வுழுந்து, எம் பொண்ணுக்கு எப்ப முகூர்த்தம்னு அருள்வாக்குக் கேட்டுகினு கீறா. 'ஓடு, ஓடு'ன்றானாம். அவளுக்கு ஓட்டு வீட்டுலருந்துதான் மாப்ள வருவான்னு அர்த்தமாம்."

நாகம்மா சொல்லி முடிக்கும் முன்பே ரேணுகா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். கிடுகிடுவென்று ஆடுகிறதாமே. அந்த ஆட்டம் அவளுக்குத் தெரியும். நாலு மாதமாக டீ டம்ளரில் பார்க்கிற ஆட்டம் அது. இன்றைக்கு உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது.

"எங்கடி போற? நீ தூரம்டி, பந்தல் கிட்டப் போவாத" என்று நாகம்மா பின்னாலேயே வந்தாள்.

ரேணுகா பிறந்ததிலிருந்து இந்த மாதிரி ஒரு கட்டை மீறினதில்லை. தூரமான நாளில் துளசிச் செடிக்குப் பக்கத்தில்கூட நடக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் தெருவில் ஓடினாள். சாமி குத்தம், சாமி குத்தம் என்று மனசு அடித்துக்கொண்டது. கால் நிற்கவில்லை.

பந்தல் வாசலில் கூட்டம். அதன் நடுவில் தேவா. கண் நிலைகுத்தி இருந்தது, வேட்டி நனைந்திருந்தது. பந்தல் மூலையைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். அந்த முகத்தில் தெய்வமும் இல்லை, அருளும் இல்லை. பயம், வெறும் பயம். அவன் "புலி" என்று அலறினால் கூட்டம் "சரணமய்யப்பா" என்று அலறியது. அவன் அலற அலற இவர்கள் திருநீறை அள்ளி அவன் மேலேயே கொட்டினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று ஒன்று ஊருக்கே பிடித்தால் இப்படித்தான் இருக்கும்.

யாரோ ஒரு பெண் ரேணுகாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி இது, ஊட்டுக்குத் தூரமா இருந்துகினு இங்க வந்து நிக்கற?"

ரேணுகா அங்கேயே நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை. அங்கே நின்றபடியே, அவ்வளவு சத்தத்துக்கும் மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அது சாமி இல்ல. அது சரக்கு."

முதலில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அப்புறம் மேளம் நின்றது.

"காலைல சரக்கு போலன்னா அவுரு கை இப்டித்தான் ஆடும். நாலு மாசமா நான் பாக்கறேன். மூணு நாளா குடிக்கல, அதான் ஒடம்பு பூரா ஆடுது. நேத்துலேர்ந்து இல்லாத எறும்பைத் தட்டிகினு கீறாரு. இப்ப புலி தெரியுது. இன்னிக்கு ஒடம்புல எதுனா ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு பதில் சொல்றது?"

ராஜம்மாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. முகூர்த்தத்தையே கையில் பிடித்துவிட்ட நேரத்தில் இப்படி ஒருத்தி வந்து நின்றால் யாருக்குத்தான் வராது? "தூரமா கீறவ வந்து சாமிய சரக்குன்றாளே, வாய் அழுவிப் பூடும்டி" என்றாள். பின்னாலிருந்து ரெண்டு மூன்று குரல் ஆமாம் போட்டது.

குருசாமி தேவாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார், அடுப்பில் வைத்தது போல எடுத்தார். நனைந்த வேட்டியைப் பார்த்தார். அந்தக் கண்களை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பஜனையில் எத்தனையோ பேருக்கு அருள் வந்து பார்த்தவர் அவர். அவர் முகம் மாறியதை ரேணுகா வாசலிலிருந்தே பார்த்தாள்.

"மைக்கை நிறுத்துங்க சாமி" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அம்மா, உள்ள வாங்க. வந்து அவரைப் பிடிங்க. உங்க குரலைக் கேட்டா அடங்குவாரு" என்றார்.

"குருசாமி, நான்..."

"தெரியும்மா. வாங்க."

அவள் உள்ளே போனாள். அவள் கை பட்ட கொஞ்ச நேரத்தில் தேவா கட்டை போலச் சாய்ந்து விழுந்தான். வலிப்பு. யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவன் கைக்குள் திணித்தார்கள். கூட்டத்தில் சரவணக்குமார் என்று ஒருவன் இருந்தான், பட்டாபிராம் ஃபிளாட்டில் குடியிருக்கிற ஐடி கம்பெனிக்காரன், மதுரைப் பையன், முதல் தடவை மாலை போட்டவன். அவன்தான் நூற்றெட்டுக்கு போன் போட்டு, அவர்கள் சொன்னபடி தேவாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். ஆம்புலன்ஸ் வந்தது. ரேணுகாவும் குருசாமியும் ஏறினார்கள். போகும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் உள்ள வந்தது சாமி குத்தம் ஆயிடுமா?"

"ஆச்சுன்னா அது என் தலையில விடியட்டும். கூப்பிட்டவன் நான்" என்றார் குருசாமி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிஷா சின்ன வயசு, ஆனால் பேச்சு கறார். "தினமும் இவ்ளோ குடிக்கிறவரு திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வருஷா வருஷம் நிறுத்தி நிறுத்தி ஆரம்பிக்கிறதால ஒவ்வொரு தடவையும் இது மோசமாகும். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா உயிருக்கே ஆபத்து. குடியை விடணும்னா முதல்ல எங்ககிட்ட வரணும். மாலை அப்புறம்" என்றாள். குருசாமி தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார்.

ஊசியும் மருந்தும் போய்க்கொண்டே இருந்தன. தேவா தூங்கினான். அப்படி ஒரு தூக்கத்தை ரேணுகா பார்த்து எத்தனையோ காலம். விழித்தவனுக்குப் பந்தலும் ஞாபகமில்லை, புலியும் ஞாபகமில்லை. கழுத்தில் கை வைத்து மாலை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. நர்ஸ் மாத்திரையை நீட்டியதும் வாயை இறுக்கிக்கொண்டான்.

"வாணாம்மா. மால போட்டுகினு போத மாத்திரையெல்லாம் துன்னக் கூடாது. அய்யப்பன் கண்ணக் குத்திடுவாரு."

நர்ஸ் கெஞ்சினாள், ரேணுகா திட்டினாள். நடக்கவில்லை. குருசாமி அங்கேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவன் கண் முன்னால் ஆட்டினார்.

"சுகர் மாத்திரை. எத்தனையோ வருஷமா மாலையோடதான் முழுங்கிட்டிருக்கேன். படி ஏறும்போதும் பையில இருக்கும். அய்யப்பன் இதுவரைக்கும் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. உன்னை மட்டும் கேப்பாரா? முழுங்கு."

தேவா முழுங்கினான். ரேணுகா வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்று மனசு விட்டு அழுதாள். துக்கமில்லை அது. இவ்வளவு காலமும் இந்த வீட்டுச் சுமையை அவள் ஒருத்தியே தூக்கினாள். இன்றைக்கு இன்னொரு கை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குத்தான் அந்த அழுகை.

அடுத்த பஜனையில் குருசாமி பாட்டு தொடங்கும் முன்பு மைக்கைப் பிடித்தார். "போன வாரம் ஒரு உயிரை வெச்சு வேடிக்கை பார்த்தோம். இனிமே குடிப் பழக்கம் இருக்கற யாருக்கும், டாக்டரைப் பார்க்காம நான் மாலை போடமாட்டேன். தேவா சாமி இந்த வருஷம் மலைக்கு வரல, வைத்தியம்தான் அவருக்கு விரதம். மத்தவங்க அவருக்குத் துணை" என்றார். ஒரு குடிகாரனுக்கு இவ்வளவா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முணுமுணுத்தவர்களில் ஒருத்தரே மறுவாரம் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு குருசாமியைத் தனியாகப் பார்த்தார். அது வேறு கதை.

தேவாவுக்கு ஆபத்தான இடம் அம்பத்தூர் ஸ்டேஷன். வேலை விட்டால் ஸ்டேஷனுக்கு முன்னாலேயே கடை, கடைக்குள்ளே கூட்டாளிகள். அதனால் சரவணக்குமார் தன் ஆபீஸ் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே வந்து நிற்பான். நின்றவுடன் கிரிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்தால் நெமிலிச்சேரியில் இறங்குகிறவரை வாயை மூடமாட்டான். "அந்தப் பையன் பேசற பேச்சுக்கு நடுவுல கடையப் பாக்கவே நேரம் கெடைக்கல ரேணு" என்று தேவா சிரிப்பான். சரவணக்குமார் ஊருக்குப் போன நாள்களில் வேறு சாமி யாராவது வந்து நின்றார்கள். மாதத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் ஆள் கூடப் போனது. ராஜம்மாகூட ஒரு நாள் வெண்பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஓட்டு வீட்டு மாப்பிள்ளை விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் போனாள்.

எல்லாம் சரி. ஆனால் ரேணுகாவின் பயம் தை மாதத்தின் மேலேயே இருந்தது. மாலை கழட்டுகிற நாள். வருஷா வருஷம் அவள் வாழ்க்கையைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டு போகிற நாள். வைத்தியம், துணை, சரவணக்குமாரின் கிரிக்கெட் எல்லாம் அந்த ஒரு நாளைத் தாண்டுமா?

மலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பிள்ளையார் கோயிலில் தேவாவும் அவர்களோடு மாலையைக் கழட்டிச் சாமி படத்தின் மேல் சாத்திவிட்டு வேலைக்குப் போனான். ரேணுகா லீவு போட்டிருந்தாள். வழக்கம்போல வஞ்சிர மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். கை வேலை செய்தது, காது தெருவிலேயே இருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

சொன்ன நேரத்துக்கே வந்தான். நேராகத்தான் நடந்து வந்தான். கிட்டே வந்ததும் அவள் அவனை மோந்து பார்த்தாள், பெண்டாட்டி வேலையே அதுதானே. மண்ணெண்ணெய், இரும்பு, வேர்வை. வேறு வாசம் இல்லை. அவள் மூச்சு விடுவதற்குள் அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். செருப்பைக் கழட்டவில்லை.

"ரேணு."

"இன்னாய்யா?"

"குடிக்கணும் போல கீது. கழுத்துல ஒண்ணும் இல்லன்னதும் காலைலேர்ந்து அதே நெனப்பு. சரவணன் கூடத்தான் வந்தேன், நடுவுல ஒரு வார்த்தைகூட அவன் பேசனது காதுல ஏறல. ஊட்டுக்கு வந்து உங்கிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன்."

ரேணுகா நின்ற இடத்திலேயே நின்றாள். பயந்துதான் போனாள். அதே நிமிஷத்தில் வேறு ஒன்றும் அவளுக்கு உறைத்தது. கல்யாணமான நாளாக இந்த ஆள் குடித்துவிட்டு வந்து சொன்னதைத்தான் கேட்டிருக்கிறாள். மன்னிச்சுடு, சத்தியம், நாளையிலிருந்து என்று எல்லாமே குடித்த பிறகு வந்த பேச்சு. குடிப்பதற்கு முன்னால் வந்து சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. அடுப்பை அணைத்து, குழம்பைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூடினாள். கார்த்திகாவிடம் ரெண்டு வார்த்தை சொன்னாள்.

"எழுந்திரு. போலாம்."

தெருவில் நாகம்மா பிடித்துக்கொண்டாள். "புருஷனும் பொண்டாட்டியும் எங்க கெளம்பிட்டீங்க?"

"குவார்ட்டர்ஸுக்கு" என்றான் தேவா.

நாகம்மா முகம் விழுந்துவிட்டது. மாலை கழட்டின நாளும் அதுவுமாக இவன் வாயில் அந்த வார்த்தை வந்தால் அவள் என்ன நினைப்பாள், பாவம். "கூட நீயுமாடி?" என்று ரேணுகாவைப் பார்த்தாள். ரேணுகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யக்கா, ஆவடி குவார்ட்டர்ஸு. குருசாமி ஊட்டுக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரிப்பதைப் பார்த்துத் தேவாவும் கொஞ்சம் சிரித்தான்.

குருசாமி லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். தாடி மழித்த முகத்தில் அவரை அடையாளம் தெரிய ஒரு விநாடி ஆனது. தேவாவைப் பார்த்தார், தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் மனைவி கோமளா ஃபேனைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"எப்ப தோணுச்சு?" என்றார் குருசாமி.

"காலைல மாலையக் கழட்டனதுலேர்ந்து சாமி."

"டாக்டரம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற நாளுதான். சரவணன் கூட்டிகினு போவான்."

"சரி. நல்லது. இப்ப எப்படி இருக்கு?"

தேவா தனக்குள்ளேயே தேடிப் பார்க்கிறவன் போல உட்கார்ந்திருந்தான். ரேணுகா தூக்குப் பாத்திரத்தின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தாள்.

"இப்பவும் கீது சாமி. போவல" என்றான். பிறகு, "ஆனா பசிக்குது" என்றான்.

சரக்கு நினைப்பு வந்த நாளில் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷன் அவன். கோமளா தட்டு எடுக்க உள்ளே போனாள். அவளை முந்திக்கொண்டு ரேணுகாவே சமையல்கட்டுக்குள் நுழைந்து, யார் வீடு என்றுகூடப் பார்க்காமல், சோற்றுப் பானையைத் திறந்தாள்.